வைக்கக் கூடாத காய்

நெரெய்தா பிமெந்தெலுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். எங்கள் கடலோர ஊரான பராவோனாவின் மேல்நிலைப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வேதியியல் டீச்சர் கத்தினால் பயமில்லை, மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று. அந்த மெல்லிய குரல் முன்பெல்லாம் வருஷத்தில் ஒருமுறையோ இருமுறையோதான் கேட்கும். தங்கை இறந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு குரலே இல்லாமல் போய்விட்டது.

சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டவரின் மூத்த மகள் அவள். தாய் கண்ணை மூடியபோது தங்கை ஃபியோர்தாலிசா இடுப்புக் குழந்தை. அன்று தூக்கி இடுப்பில் வைத்த தங்கையை நெரெய்தா கடைசிவரை இறக்கி வைக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குத் தலை பின்னிவிட்டு, வாழைக்காயை வேகவைத்து மசித்து ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் பாடப் புத்தகத்தைத் திறப்பாள். தலைநகரில் ஆசிரியர் படிப்பு முடித்தவளுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. அதை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பியதும் தங்கைக்காகத்தான். கட்டிய கணவன் நியூயார்க்குக்குப் போனான், பனியில் நின்று எடுத்த ஒரு போட்டோவை அனுப்பினான், அதோடு சரி. அதற்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுவதற்குத் தங்கை இடம் கொடுத்தால்தானே? ஃபியோர்தாலிசா இருந்த வீட்டில் எப்போதும் பாட்டும் சிரிப்பும்தான். கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை அவளுக்கு. அவளுக்கு ஒரு மகள் உண்டு, அப்பன் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் பெயர் யோக்காஸ்தா. அந்தப் பெண் பெரியம்மாவின் வகுப்பிலேயே படித்தாள்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்கள் பெண்களுக்கு ஒரு வெறி வந்துவிடும். திரைச்சீலை மாற்றி, சுவருக்கு வண்ணம் அடித்து, வீட்டின் ஒரு மூலை விடாமல் தேய்த்துக் கழுவினால்தான் பண்டிகை உள்ளே வரும். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வரும். ப்ளீச்சும் ஆசிட்டும் சோப்புத் தண்ணீரும் பழைய குளிர்பானப் பாட்டில்களில் ஊற்றி விற்பார்கள். அந்தப் பாட்டில்களில் பெயர் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. எது எதுவென்று நிறத்தையும் நெடியையும் வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

அந்த டிசம்பரில் ஃபியோர்தாலிசா விடுதி வேலை முடித்து வந்து தன் வீட்டுக் குளியலறையைக் கழுவ உட்கார்ந்தாள். ஈரத் தரையை யாரும் மிதிக்கக் கூடாதென்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ப்ளீச்சை ஊற்றித் தேய்த்தாள். கறை போகவில்லை. ஒன்றே இவ்வளவு வெளுக்கிறதே, இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு வெளுக்கும் என்று நினைத்திருப்பாள். ஆசிட்டையும் அதன் மேலேயே ஊற்றிவிட்டாள்.

பள்ளியிலிருந்து வந்த மகள் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கூடவே பாடும் குரலைத்தான் காணோம்.

சாவு வீட்டில் ஒன்பது நாள் பிரார்த்தனை நடந்தது. பெண்கள் உள்ளே ஜெபமாலை உருட்டினார்கள். வழக்கம்போல ஆண்கள் முற்றத்தில் மேசை போட்டு டோமினோ ஆடினார்கள். காய்க்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஓர் எண்; மேசையில் நீளும் வரிசையின் முனையோடு பொருந்துகிற காயை வைக்க வேண்டும், பொருந்தாவிட்டால் 'பாஸ்' சொல்ல வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் கடவுளின் சித்தம் என்றே சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் நெரெய்தா பல்லைக் கடித்தாள். இதில் கடவுள் எங்கே வந்தார்? கடவுளா வந்து இரண்டு பாட்டிலையும் ஊற்றினார்? அது ஓர் எளிய வேதிவினை. அதை அவளே வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறாள்.

கடைசி நாள் காபித் தட்டோடு முற்றத்துக்கு வந்தாள். மேசையில் மூலைக் கடை வைத்திருக்கும் சிலோ உட்கார்ந்திருந்தான். அவளிடம் படித்தவன்தான். எதிராளியைப் பார்த்துச் சிரித்தபடி, "உன்கிட்ட இரட்டை அஞ்சு இருக்கு. அதை வெச்சுக்கிட்டு முழிக்கிற. வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட அழு" என்றான். எதிராளி கையை விரித்தான். அதில் இரட்டை ஐந்து இருந்தது.

நெரெய்தா தட்டை அவர்கள் காய்களின் மேலேயே வைத்தாள்.

"சிலோ, அவன் கையில இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கிட்டே இருப்பேன், டீச்சர். மொத்தம் இருபத்தெட்டு. வெளிய வந்தது போக மிச்சம் எது எவன்கிட்டன்னு தெரியாதா? அது தெரியாதவன் மேசையில உட்காரவே கூடாது."

"சரி. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா என்ன வரும்?"

சிலோ தலையைச் சொறிந்தான். "நல்லா வெளுக்கும்னு சொல்லுவாங்க."

"அதை என் கிளாஸ்ல நீ எழுதியிருக்க. முழு மார்க் போட்டிருக்கேன்," என்றாள் நெரெய்தா, உதடு மட்டும் அசைய. "குளோரின் வாயு வரும். மூச்சுக்குழாயை உள்ளேயிருந்து எரிக்கும்."

மேசையில் யாரும் காயைத் தொடவில்லை. அவளுக்கு அந்த நிமிஷம் அவர்கள் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. எல்லாவற்றையும் விடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை சமன்பாடுகள் சொல்லிக் கொடுத்தாள்! இந்த எழுத்துகள் உன் அம்மா குளியலறையில் வைத்திருக்கும் அந்தப் பாட்டில்தான் என்று ஒருநாளாவது சொன்னாளா? இந்த ஊர்க்காரன் இருபத்தெட்டு மரக்கட்டைகளை மனசில் வைத்திருக்கிறான். இரண்டு பாட்டிலை வைத்துக்கொள்ள முடியாதா?

அங்கே பிறந்ததுதான் அவளுடைய விளையாட்டு.

முதலில் அட்டையை வெட்டிச் செய்தாள். ஒவ்வொரு காயிலும் இரண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு வேதிக் குறியீடு. வகுப்பில் போட்டு ஆடச் சொன்னாள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். யோக்காஸ்தாதான் வாயைத் திறந்தாள். "பரீட்சைத் தாளை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு, பெரியம்மா. அடிச்சா சத்தமும் வரல. சத்தம் வராத டோமினோ ஒரு டோமினோவா?"

அடுத்த முறை சிலோ தன் கடைப் பலகை ஒன்றைக் கழற்றிக் காய்களாக அறுத்துக் கொடுத்தான். குறியீடுகள் சின்னதாக அடியில் போயின. மேலே படங்கள் வந்தன: தண்ணீர், சர்க்கரை, ஆப்ப சோடா, சுண்ணாம்பு, இரும்பாணி, ப்ளீச், ஆசிட். ஏழு பொருள், எந்த இரண்டை எடுத்தாலும் அவை சேரும் காய் ஒன்றே ஒன்றுதான். காயை அடித்து வைக்கிறவன் அதில் உள்ள இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். ஆசிட்டும் சோடாவும் என்றால் நுரைக்கும், கரியமில வாயு. சுண்ணாம்பும் தண்ணீரும் என்றால் கொதிக்கும். ஒன்றும் ஆகாது என்றால் அதையும் தெரிந்துதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் காயைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வகுப்பறை டமார் டமார் என்று அதிர்ந்தது. பக்கத்து வகுப்புச் சரித்திர ஆசிரியர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஒரு காய் மட்டும் அவளை விடாமல் அலைக்கழித்தது. ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்த காய். அதை வைத்தவனுக்குப் புள்ளி குறையும் என்று முதலில் விதி எழுதினாள். போனால் போகட்டும் என்று வைத்தார்கள். வைத்தால் ஆட்டமே முடிந்தது, நாலு பேரும் தோற்றார்கள், எல்லோரும் எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போக வேண்டும் என்று மாற்றினாள். தோற்றுக்கொண்டிருந்த ஒருவன் இளித்துக்கொண்டே அதை எடுத்து மேசையில் அறைந்தான். "செத்தா எல்லாரும் சேர்ந்தே சாவோம், டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. யோக்காஸ்தா மட்டும் சிரிக்காமல் எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள். நெரெய்தா அந்தப் பையனைத் திட்டவில்லை.

அன்றைக்குத்தான் அவளுக்கு வழி தெரிந்தது. எங்கள் மேசையில் எதை மன்னித்தாலும் ஒன்றை மன்னிக்க மாட்டோம். பொருந்துகிற காயைக் கையில் வைத்துக்கொண்டு 'பாஸ்' சொல்வது திருட்டு. அதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்ற குடும்பங்கள் ஊரில் உண்டு. அந்த விதியையே அவள் தலைகீழாகத் திருப்பினாள். மற்ற எந்தக் காயை ஒளித்தாலும் திருட்டு. இந்த ஒரு காயை மட்டும் பொருந்தினாலும் வைக்கக் கூடாது, பாஸ் சொல்ல வேண்டும். மீறி வைத்தால் பழையபடி எல்லோரும் எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். கடைசிவரை கையில் வைத்திருந்து, ஏன் வைக்கவில்லை என்று வாயால் சொன்னவருக்கே ஆட்டம்.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காய் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி ஆட்டமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவின் பாட்டில்களை முகர்ந்து பார்த்துப் பெயர் எழுதி ஒட்டினார்கள். யோக்காஸ்தா தன் அம்மா இறந்தபின் அன்றுதான் முதன்முறையாக ஓர் ஆட்டத்தில் ஜெயித்துச் சிரித்தாள். அதைப் பார்த்த நெரெய்தா முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செய்தி மாவட்டக் கல்வி அலுவலகம் வரை போனது. இயக்குநர் ரதமேஸ் பத்திஸ்தா நேரில் வந்தார். நல்ல உயரம், இஸ்திரி கலையாத சட்டை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் அவரோடு டோமினோ ஆடி ஜெயித்தவர் கிடையாது. மகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில், ஆட்டம் பாதியில் இருக்கிறது என்று, அப்பாவும் மகளும் சேர்ந்து ஆட வேண்டிய முதல் நடனத்துக்கே வராமல் போனவர் என்று ஊரே சொல்லும்.

அவர் வாயாரப் புகழ்ந்தார். துப்புரவுத் திரவம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று தன் செலவில் இதைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்து மாவட்டம் முழுக்கக் கொடுக்கப் போகிறது, உங்கள் பெயரும் பெட்டியின் மேல் வரும், பள்ளிக்கு ஆய்வுக்கூடமும் கட்டித் தருவார்கள் என்றார். தலைமை ஆசிரியை கை கூப்பாத குறை. கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். அந்தப் ப்ளீச்–ஆசிட் காய் மட்டும் வேண்டாமாம். அதன் விதியும் வேண்டாமாம். கம்பெனியின் சரக்கே அந்த இரண்டும்தானாம்.

"குழந்தைங்க பயந்துடுவாங்க, டீச்சர். ஒரே ஒரு காய்தானே?"

"ஒரு காய்தான், சார். அதுக்காகத்தான் மத்த இருபத்தேழும்."

அவர் சிரித்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் சம்மதிக்கவில்லை. அவளுடைய சம்மதம் அவருக்குத் தேவைப்படவும் இல்லை. சில வாரத்தில் மாதிரிப் பெட்டி வந்து இறங்கியது. அந்தக் காய் இருக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் சிரிக்கும் பாட்டில் படம் போட்ட கம்பெனிக் காய் ஒன்று இருந்தது. எங்கு வேண்டுமானாலும் பொருந்துமாம். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் நெரெய்தாவின் பெயர். அதைப் பார்த்தபோது தங்கையின் சவப்பெட்டி மேல் யாரோ விளம்பரம் ஒட்டினாற்போல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தப் பெட்டி ஆயிரம் வீட்டுக்குப் போகும். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் போகும், அதுவும் அவள் பெயரில்.

வெளியீட்டு விழா பள்ளிக்கூடத்துப் பெரிய அறையிலேயே நடந்தது. கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண்மணியைக் கூட்டாளியாக எதிரே உட்காரவைத்து, கேமராவுக்கு முன்னால் இயக்குநரே ஆடிக் காட்டுவதாக ஏற்பாடு. எதிரணிக்கு இரண்டு மாணவர்கள் வேண்டும் என்றபோது, நன்றாக ஆடுகிறவள் என்று யோக்காஸ்தாவைத் தலைமை ஆசிரியை பிடித்து நிறுத்தினாள். அவள் பெரியம்மாவிடம் ஓடி வந்தாள்.

"நான் உட்காரட்டுமா, வேணாமா?"

"உட்காரு," என்றாள் நெரெய்தா. "உனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆடு."

அவள் பின் சுவரில் சாய்ந்து நின்றாள். பாவாடைப் பையில் சிலோ அறுத்துக் கொடுத்த மரக்காய் ஒன்று கிடந்தது. பேச விடுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. வெறுங்கையோடு அந்த அறையில் நிற்கப் பிடிக்காமல் எடுத்து வந்திருந்தாள், அவ்வளவுதான்.

இயக்குநர் சிரிக்கும் பாட்டிலை முதல் காயாக வைத்துக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். இரண்டு சுற்று விளையாட்டாகத்தான் போனது. மூன்றாவதில் யோக்காஸ்தா அவர் வழியை அடைத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அதன் பிறகு கேமரா இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. காய்கள் மேசையில் அறைந்து விழுந்தன. அவர் உதடு எண்ணத் தொடங்கியது. கூட்டாளிப் பெண்மணி தப்பான காய் வைத்தபோது, "அம்மா தாயே, கண்ணைத் திறந்து ஆடுங்க" என்று சீறினார். கூட்டம் சிரித்தது.

வரிசை மேசையைச் சுற்றி வளைந்தது. ஒரு முனையில் ப்ளீச் நின்றது. மறு முனையில் ஆசிட். யோக்காஸ்தா மெதுவாக, "பாஸ்" என்றாள். கம்பெனிப் பெண்மணி பாஸ். மற்ற மாணவன் பாஸ். இயக்குநர் தன் கையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், அவரிடமும் இல்லை. நியாயமாக ஆட்டம் அடைபட்டது, புள்ளி எண்ண வேண்டியதுதான். ஆனால் அவர் எண்ணியது புள்ளியை அல்ல. ப்ளீச் ஆறு வெளியே வந்துவிட்டது. ஆசிட் ஆறு வெளியே வந்துவிட்டது. இன்னும் ஒன்று இருக்க வேண்டும். டோமினோ ஆடுகிற எவனுக்கும் அது எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அவர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"யார்கிட்ட இருக்கு? ரெண்டு முனைக்கும் பொருந்துற காய் ஒண்ணு பாக்கி இருக்கு. வெச்சுக்கிட்டே பாஸ் சொல்றது யாரு?" விரல் யோக்காஸ்தாவை நோக்கி நீண்டது. "நீதான் முதல்ல பாஸ் சொன்ன. கையைக் காட்டு பொண்ணே. திருட்டு ஆட்டம் என்கிட்ட வேணாம்."

யோக்காஸ்தா தன் காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். சர்க்கரையும் தண்ணீரும். ஆணியும் சோடாவும். அவ்வளவுதான்.

"என்கிட்ட இல்ல, சார்," என்றாள். "நீங்கதானே அதை எடுத்தீங்க. எங்க அம்மா செத்த காய் அது."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியதைக் கூட்டம் முழுவதும் பார்த்தது.

நெரெய்தா பின்சுவரிலிருந்து நடந்து வந்தாள். வழியில் நின்றவர்கள் தாமாகவே விலகினார்கள். பையிலிருந்த மரக்காயை எடுத்து ப்ளீச்சுக்கும் ஆசிட்டுக்கும் நடுவே மேசையில் அறைந்தாள். பிளாஸ்டிக் காய்கள் துள்ளிச் சிதறின.

அவளுடைய வகுப்பு மொத்தமும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தது. யோக்காஸ்தா முதல் சன்னலைத் திறந்தாள். மற்றவர்கள் மற்றவற்றைத் திறந்தார்கள். யாரும் ஓடவில்லை, தள்ளவில்லை. பழகியபடி வரிசையாக வெளியே போனார்கள். என்ன ஏதென்று புரியாமல் பெற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். தலைமை ஆசிரியையும் போனாள். கம்பெனிப் பெண்மணிகூடக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடல் காற்று உள்ளே வந்து காகிதத் தோரணங்களைப் புரட்டியது.

இயக்குநர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அந்த மரக்காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. மனுஷர் பிறவி ஆட்டக்காரர்.

"இது கையில வந்தவன் எப்படி ஜெயிப்பான்?"

"பாஸ் சொல்லணும். கடைசிவரை வெச்சிருக்கணும். ஏன் வைக்கலைன்னு சொல்லணும்." நெரெய்தாவின் குரல் காற்றில் கேட்கும் அளவுக்குத்தான் இருந்தது. "சொல்லுங்க, சார். ஏன் வைக்கக் கூடாது?"

அவர் பதில் தேடினார். பட்டம் வாங்கியவர், ஒரு மாவட்டத்தின் படிப்பையே நடத்துகிறவர். வேண்டாம் என்று அடித்துவிட்ட அந்த விதியை அவர் படித்துப் பார்த்ததே இல்லை.

"என் தங்கச்சிக்கும் தெரியல," என்றாள் அவள். காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பிளாஸ்டிக் பெட்டிகள் அதற்குப்பின் அச்சாகவில்லை. ஆய்வுக்கூடமும் வரவில்லை. தலைமை ஆசிரியை அவளிடம் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய் என்று பலர் சொன்னார்கள். சிலோ தன் கடையின் மற்றப் பலகைகளையும் கழற்றினான். கரும்புத் தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்து வந்து காய் அறுத்துக்கொண்டு போனார்கள். அவன் கடை வாசல் மேசையில் இப்போதும் அந்த ஆட்டம் நடக்கிறது. தாடி நரைத்தவர்கள் கடைசிக் காயைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு, பாஸ் என்று சொல்லிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளைப்போல எழுந்து நின்று குளோரின் வாயுவைப் பற்றிச் சொல்கிறார்கள்.

நெரெய்தாவின் கோபம் ஆறிவிட்டதா என்று கேட்காதீர்கள். டிசம்பரில் அந்த ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் நுழையும்போது அவள் வாசலுக்கு வந்து நிற்பாள். வண்டிக்காரன் சத்தத்தைக் குறைத்துக்கொள்வான். அவள் அருகில் போய், மிக மெதுவாக, ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன இருக்கிறது என்று அவனைக் கேட்பாள்.